சுயம்புக்கனிக்கு வந்த குண்டு

அந்தத் துப்பாக்கி எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. துப்பாக்கி செய்யும் கம்பெனிக்காரர்கள் சோதனைக்காக அதை உப்பளத்துப் பாத்தியில் ஊறப்போட்டார்கள், மீன் வண்டியின் ஐஸ் பெட்டியில் கட்டையாக உறையவைத்தார்கள், கருப்பட்டி காய்ச்சும் கொப்பரையில் பாகோடு பாகாகக் கொதிக்கவிட்டு எறும்பு மொய்க்கக் காயப்போட்டார்கள், பனை உச்சியிலிருந்து தலைகீழாகத் தள்ளினார்கள், மணல் லாரியை அதன் மேல் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் எடுத்து உதறித் தோளில் வைத்து விசையை இழுத்தால், இதெல்லாம் எனக்கா என்பதுபோல் டொப்பென்று வெடித்தது. கொல்லாந்தேரி ஊர்க்காரர்கள் முதல் வாரம் காதைப் பொத்திக்கொண்டார்கள், அடுத்த வாரம் பொத்த மறந்தார்கள், அதற்கடுத்த வாரம் சத்தம் கேட்காவிட்டால் இன்றைக்கு என்ன, கம்பெனிக்கு லீவா என்று விசாரித்தார்கள்.

மிச்சமிருந்தது மணல் சோதனை. அதற்காகத்தான் கம்பெனி அவ்வளவு தூரம் வந்து அந்த ஊரில் கூடாரம் போட்டதே. தேரி என்றால் செம்மணல் மேடு, ஒன்றல்ல இரண்டல்ல, கடற்கரைக்கு முன்னால் வரிசையாகக் கிடக்கும் சிவந்த மேடுகள். ஆடிக்காற்று அடித்தால் அந்த மேடுகள் எழுந்து நடக்கும். இன்றைக்கு இங்கே இருக்கும் மேடு அடுத்த மாதம் அங்கே இருக்கும், நடுவில் இருந்த வேலியையும் கிணற்றையும் மூடிக்கொண்டு போகும். இது ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சுடுவதற்குக் குறியாக நட்ட குறிப்பலகைக்குப் பின்னால் தடுப்புச் சுவர் கட்ட என்று கம்பெனி செங்கல் இறக்கியபோது ஊர்த்தலைவர் வைகுண்டம், "தேரி மேடு மலை கணக்கா நிக்கும்போது சுவரு எதுக்கு சார்?" என்று கேட்டார், அந்தச் செங்கல் அம்மன் கோயிலுக்கு மடப்பள்ளியாக எழும்பி நின்றது. மேடு நடக்கும் என்பதை வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். நல்ல காரியம் நடக்கும்போது குறுக்கே பேசுவானேன் என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆடிக்காற்று வந்தது. மேடு நடந்தது. சோதனைக்காரர்களோ கண்ணாடி மாட்டிக்கொண்டு, முகத்தில் துணி சுற்றிக்கொண்டு, காற்றில் பறக்கும் மணலைத் துப்பாக்கியின் வாயிலும் வயிற்றிலும் நிரப்பி நிரப்பிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் குறிப்பலகை தெரிந்தது, அதுவே பெரிய காரியம். பலகைக்குப் பின்னால் மேடு விலகிப்போய், அந்த இடத்தில் சுயம்புக்கனியின் முற்றமும், முற்றத்தில் முந்திரிக்கொட்டையைக் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்த சுயம்புக்கனியும் இருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. சுடுகிறவன் மயில்ராஜ், பட்டாளத்திலிருந்து வந்து பக்கத்து ஊரில் இருப்பவன், கடைசித் தோட்டாவைச் சுட்டான். துப்பாக்கி ஒரு கணம் தொண்டையைச் செருமியது. பிறகு குண்டு வெளியே வந்தது. மெதுவாக வந்தது.

சுண்டுவிரல் நுனி அளவு, செம்பு நிறம், தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, சொம்புக்குள் மாட்டிய வண்டு போல ரீங்காரம் போட்டுக்கொண்டு, நெஞ்சு உயரத்தில் அது காற்றில் மிதந்து வந்தது. நத்தை அதை முந்த முடியாது, ஆமை முந்திவிடும், அவ்வளவுதான் வேகம். மயில்ராஜ் முகத்துணியை அவிழ்த்துப் பார்த்தான். குண்டு போகும் திசையைப் பார்த்தான், திசையின் முடிவில் ஒரு பெண் முந்திரிக்கொட்டை கிளறுவதைப் பார்த்தான், துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் குண்டுக்கு முன்னால் ஓடினான்.

"யக்கா, கொஞ்சம் தள்ளுங்க. குண்டு வருது."

சுயம்புக்கனி நிமிர்ந்து பார்த்தாள். நாற்பதை எட்டாத வயது, ஓரிடத்தில் உட்காரத் தெரியாத உடம்பு. புருஷன் தங்கசாமி பம்பாயில் பலசரக்குக் கடை வைத்திருந்தான், வருஷத்துக்கு ஒருமுறை, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருவான். "எங்க வருது?" என்றாள். மயில்ராஜ் கையை நீட்டிக் காட்டினான். அவள் கண்ணுக்கு மேல் கை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "அது வந்து சேர மத்தியானம் ஆயிரும் போலுக்க. நீரு தண்ணி குடியும்" என்று சொம்பை நீட்டினாள்.

அது வந்து சேருவதற்குள் ஊர் கூடிவிட்டது. சப்பரம் பார்க்க நிற்பதுபோல இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். குண்டு வேலியைத் துளைத்தது, துவைகல்லைத் துளைத்தது, கல்லிலிருந்து மாவு உதிர்ந்தது. சுயம்புக்கனி இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தாள். குண்டும் இரண்டடி இடப்பக்கம் திரும்பியது. அவள் வலப்பக்கம் வந்தாள், அதுவும் வந்தது. கூட்டத்தில் ஒருத்தி, "அடி ஆத்தீ, இது உன்னையல்லா தேடி வந்திருக்கு" என்றாள், விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல. உண்மையும் அதுதான். சுட்ட கணத்தில் குண்டின் முன்னால் இருந்தவள் அவள், ஆகவே அது அவளுடைய குண்டு, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று ஊர் அன்று மாலைக்குள் முடிவுக்கு வந்துவிட்டது.

நிறுத்திப் பார்க்காமலும் இல்லை. அம்மிக்கல்லை வைத்தார்கள், இரும்புத் தகட்டை வைத்தார்கள், மணல் மூட்டையை அடுக்கினார்கள், எல்லாவற்றிலும் விரல் நுழையும் ஓட்டை விழுந்தது. மயில்ராஜ் பெரிய குறடால் அதைப் பிடித்து இழுத்தான், குண்டு அவனையும் இழுத்துக்கொண்டு முள்வேலி வழியாகப் போனது, அவன் ரத்தமும் கிழிசலுமாக விட்டுவிட்டான். கம்பெனி என்ஜினியர் பிரிட்டோ வந்து குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, சுயம்புக்கனிக்கு ஒரு குடையும் பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் கையைப் பிசைந்தார். "துப்பாக்கி ஃபெயில்னும் சொல்ல முடியாது, பாஸ்னும் சொல்ல முடியாதும்மா. குண்டு வெளிய வந்துடுச்சு, இன்னும் எதுலயும் போய் நிக்கலை. நின்னாதான் சோதனை முடியும். அதுவரைக்கும் நாங்களும் இங்கதான்."

"எதுல நிக்கணும் சார்?" என்றாள் சுயம்புக்கனி. பிரிட்டோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தார்.

மனுஷன் எதற்கும் பழகிவிடுவான் என்பார்கள், கொல்லாந்தேரி கொஞ்சம் சீக்கிரமாகவே பழகியது. குண்டு சூடாக இருந்ததால் பீடி பற்றவைக்க ஆனது. ஆம்பளைகள் அதன் பக்கத்தில் நடந்துகொண்டே பற்றவைத்து, ரெண்டு இழுப்பு இழுத்து, ஊர்க்கதை பேசித் திரும்பினார்கள். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் குண்டு போக ஒரு முழம் இடைவெளி விட்டு மணை போட்டார்கள். பெந்தெகொஸ்தே பாஸ்டர் அதைப் பார்த்து ஜெபம் பண்ணினார், பூசாரி திருநீறு எறிந்தார், இரண்டு பேரும் ஒரே நாளில் வந்துவிட்டால் ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். குண்டு பள்ளிக்கூடப் பக்கம் திரும்பினால் பிள்ளைகளுக்கு விடுமுறை, அதனால் பிள்ளைகள் சுயம்புக்கனியைக் கண்டால், "சித்தி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால போய் நில்லுங்க சித்தி" என்று காலைப் பிடித்தார்கள். வெளியூரிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். முதலில் குண்டைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள், பிறகு இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

புருஷன் போனில், "கழுதைய விடு, நீ கெளம்பி இங்க வந்துரு" என்றான். அவள் ஒரு பையில் நாலு சேலையைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் புறப்பட்ட மறுநிமிஷமே குண்டு வடக்கே திரும்பியது. வடக்கே முதலில் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் கரண்டு டிரான்ஸ்பார்மர், அப்புறம் பக்கத்து ஊர், அதற்கப்புறம் பம்பாய் வரைக்கும் எத்தனை வீடு, எத்தனை தொட்டில். ஊரார் மோட்டார் பைக்கில் துரத்திப் போய் பஸ்ஸை மறித்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டு இறக்கினார்கள். தங்கசாமியும் இதற்குள் யோசித்திருந்தான் போல. அன்று சாயங்காலம் போனில் அவன் குரல் தணிந்திருந்தது. "இங்க நம்ம கடைக்குப் பின்னால சின்னச் சின்ன வீடா ஒட்டி ஒட்டி இருக்கு பாத்துக்க. நீ அங்கேயே இரு. நல்லா இரு" என்றான். அவள் போனை வைத்துவிட்டு முற்றத்தைப் பெருக்கினாள், பெருக்கிய முற்றத்தை மறுபடியும் பெருக்கினாள்.

கடைசியில் ஊர் ஒரு ஏற்பாடு செய்தது. ஊருக்கு மேற்கே, மேடு நடந்துபோன இடத்தில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டுத் தேரி கிடந்தது. ஒரு மூலையில் நின்று கூப்பிட்டால் மறு மூலைக்குக் கேட்கும், அவ்வளவுதான் அகலம். சுயம்புக்கனி அதற்குள் இருந்துகொள்ள வேண்டியது, குண்டு பக்கத்தில் வந்தால் எதிர்மூலைக்குப் போக வேண்டியது, அது திரும்பி வந்தால் இவளும் திரும்பி வர வேண்டியது. வீட்டுக்கும் ஆபத்தில்லை, மாட்டுக்கும் ஆபத்தில்லை. அவள் நல்ல மனுஷி, தன்னால் பிறத்தியாருக்கு ஒரு கீறல் வரக்கூடாது என்று நினைப்பவள், சரி என்றாள். ஒரு கயிற்றுக் கட்டிலை எடுத்துக்கொண்டு தேரிக்குள் போனாள். மயில்ராஜ் வேலைக்குப் போவதை விட்டுவிட்டுக் குண்டோடு கூடவே நடந்தான், மேய்கிற ஆட்டோடு நடப்பதுபோல. அவள் கண்ணயரும்போது அவன் பார்த்துக்கொள்வான். கட்டிலுக்கு ஒரு பனை தூரத்தில் குண்டு வந்ததும், "யக்கா, வந்துட்டு!" என்று கத்துவான். அவள் எழுந்து கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

இப்படியே ஆடி போனது, ஆவணி போனது, மழையும் வந்து போனது. சுயம்புக்கனிக்குத் தூக்கம் துண்டு துண்டானது. சாப்பிடும்போதும் கால் ஆடியது, பேசும்போதும் தலை திரும்பித் திரும்பிப் பார்த்தது, ரீங்காரம் கேட்டாலும் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்தது. தூங்க வேண்டும், ஒரே ஒரு முறை முழுசாகத் தூங்கி எழ வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே இல்லை. சாகக் கூடாது என்பதைக்கூட அதற்கு அடுத்தபடியாகத்தான் நினைத்தாள்.

கார்த்திகை பிறந்ததும் அம்மன் கோயில் கொடை நெருங்கியது. ஒரு மத்தியானம் வைகுண்டமும் ஊர்ப் பெண்கள் சிலரும் தேரிக்கு வந்தார்கள். முறைக்கு அவர் அவளுக்குச் சித்தப்பா. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அவர் கண் கலங்கியிருந்தது, பொய்க் கலக்கம் இல்லை.

"மக்கா, ஊரே உன்னப் பத்தித்தான் பேசுது. நீ படுற பாட்டப் பாக்க முடியலன்னு எல்லாரும் அழுதுட்டாக. அதான் ஒரு முடிவு எடுத்திருக்கோம். கோயிலுக்கு வடபக்கமா உனக்கு ஒரு பீடம் கட்டுதோம்."

அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். காலம் முடியும் முன்பே செத்துப்போன பெண்ணை ஊர் விட்டுவிடாது, பீடம் கட்டிச் சுண்ணாம்பு அடித்துச் சாமியாக்கி வருஷா வருஷம் படையல் போடும், பிள்ளைகளுக்கு அவள் பேரை வைக்கும். ஆனால் ஆள் உயிரோடு இருக்கும்போதே கட்டியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. சுயம்புக்கனி எட்டிப் பார்த்தாள். தூரத்தில் கோயில் பக்கம் கொத்தனார் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்.

"படையலுக்கு உனக்கு என்னென்ன பிடிக்கும்னு சொல்லிட்டேன்னா நல்லதுளா" என்றாள் ஒருத்தி. "பொறவு நாங்க மாத்தி வச்சிரப்படாதுல்லா. கருப்பட்டிப் பணியாரம் பிடிக்கும் உனக்கு, தெரியும். கறியா, மீனா?"

"சித்தப்பா, எனக்கு இப்பமே பசிக்கி" என்றாள் சுயம்புக்கனி.

எல்லோரும் சிரித்தார்கள், பாசமாகத்தான் சிரித்தார்கள். ஒருத்தி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். சாப்பாடு எடுத்துவர யாரும் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மயில்ராஜ், "யக்கா, வந்துட்டு!" என்று கத்தினான், அவள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு எதிர்மூலைக்குப் போனாள். வந்தவர்கள் மணலைத் தட்டிவிட்டு எழுந்து ஊருக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் காலையில் மயில்ராஜ் குண்டின் பக்கத்தில் நடக்காமல் அவள் பக்கத்தில் வந்து நின்றான். மணலையே பார்த்தான்.

"யக்கா, தலைவரு என்னக் கூப்பிட்டு அனுப்புனாரு. கொடை முடிஞ்ச மறுநாள், நீங்க அசந்து தூங்கும்போது நான் கூப்பிடாம இருந்தாப் போதுமாம். தூக்கத்துலயே போனா உங்களுக்கும் நோவு தெரியாதாம். என்ஜினியர் சாருக்கும் சோதனை முடிஞ்சிருமாம்."

"பிரிட்டோ சாரு என்ன சொன்னாரு?"

"அவரு ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டிருந்தாரு."

"நீ என்னப்பா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா" என்றான்.

குண்டுக்கு அவள் பழகிவிட்டாள், அது ஒளிவு மறைவில்லாமல் நேராக வரும், ரீங்காரம் போட்டுக்கொண்டு வரும். இவர்கள் அழுதுகொண்டே வருகிறார்கள், கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், என்ன பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். மயில்ராஜ் இன்றைக்குச் சொன்னான், நாளைக்கு அவனுக்கும் அலுத்துவிடும், அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. இனி யாரை நம்பிக் கண்ணை மூடுவது? அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதமாக வராத கோபம், எங்கேயோ தொலைத்துவிட்டோம் என்று நினைத்திருந்த கோபம், உள்ளங்காலிலிருந்து கிளம்பி வந்தது. சவத்த மூதிகளா, என்று வாய்விட்டே சொன்னாள். உங்க வீட்டுல ஓட்டை விழக்கூடாதுன்னுதானே இந்த வெயில்ல கெடந்தேன்?

கட்டிலைத் தலையில் தூக்கினாள். தேரியை விட்டு வெளியே வந்தாள். ஊருக்குள் நுழைந்து, கடைத்தெரு வழியாக, எல்லோரும் பார்க்கப் பார்க்க, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் நடந்து, ஊரின் கிழக்குக் கோடியில் பஸ் நிறுத்தத்துக்கு அப்பால் ஒரு முந்திரி மரத்தடியில் கட்டிலைப் போட்டாள். சும்மா போடவில்லை. இத்தனை மாதமாகக் குண்டுக்கும் தனக்கும் நடுவில் எது இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து விலகியவளுக்கு, எது இருக்க வேண்டும் என்று பார்த்துப் போடத் தெரியாதா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேற்கே பார்த்தாள், கட்டிலைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தினாள், மறுபடி பார்த்தாள். பிறகு முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டாள்.

குண்டு கிழக்கே திரும்பியது. அதன் நேர்கோட்டில் முதலில் அம்மன் கோயிலும் ஈரம் காயாத பீடமும் இருந்தன. அடுத்து வைகுண்டத்தின் மாடி வீடு, அதில் பேத்தி பிரசவம் முடிந்து படுத்திருந்தாள். அதற்கடுத்து பழைய ரேஷன் கடைக் கட்டடம், அங்கேதான் கம்பெனி தன் தோட்டாப் பெட்டிகளையெல்லாம் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருந்தது.

ஊர் ஓடி வந்தது. வைகுண்டம் வேட்டி அவிழ ஓடி வந்தார், பிரிட்டோ செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"அம்மா, தயவுசெஞ்சு எந்திரிங்க. அது பெட்டியில பட்டா ஊரே இருக்காதும்மா!"

"ஏ மக்கா, சுயம்பு, பச்ச உடம்புக்காரி படுத்திருக்காம்மா. எந்திம்மா. தேரிக்குப் போயிரு தாயி" என்று வைகுண்டம் கும்பிட்டார்.

சுயம்புக்கனி கண்ணைத் திறக்கவில்லை. "என்னால நடக்க முடியாது சித்தப்பா. காலு செத்துப்போச்சு. வேணும்னா நீங்க தூக்கிட்டுப் போங்க. எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போங்க. நான் தூங்குதேன்."

ரீங்காரம் கோயில் பக்கம் கேட்டது. யோசிக்க நேரமில்லை. ஒரு காலை வைகுண்டம் பிடித்தார், ஒரு காலைப் பிரிட்டோ பிடித்தார், ஒரு காலை மயில்ராஜ் பிடித்தான், நாலாவது காலைப் பணியாரம் பிடிக்கும் என்று சொன்னவளின் புருஷன் பிடித்தான். கட்டில் மேலே எழும்பியது. அவர்கள் தெற்கே சுற்றி, வாய்க்கால் ஓரமாக, மூச்சு இரைக்க இரைக்க ஓடினார்கள். பெண்கள் பின்னால் ஓடினார்கள், ஒருத்தி சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குண்டு பீடத்தின் ஒரு மூலையைப் பெயர்த்துவிட்டு மெல்லத் தெற்கே திரும்பியது, பிறகு மேற்கே திரும்பியது. துண்டுத் தேரிக்கு வந்து, நடுவில் கட்டிலை இறக்கி வைத்தார்கள். எல்லோரும் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார்கள். ஊர் பிழைத்தது.

இனி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வைகுண்டம் ஓரடி எடுத்து வைத்தார், நின்றார். திரும்பி மற்ற மூன்று பேரையும் பார்த்தார், அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளாக வந்து படுத்து அவளாகத் தூங்கி அவளாகப் போயிருந்தால் அது விதி, அதற்குப் பீடம் கட்டலாம், குலவையிடலாம். இப்போது தூங்குகிற ஒரு பெண்ணைத் தங்கள் கையால் தூக்கி வந்து குண்டின் வழியில் இறக்கி வைத்திருக்கிறார்கள். இதை விட்டுவிட்டுப் போனால் அதற்கு என்ன பேர் என்று நாலு பேருக்கும் தெரிந்தது. தெரிந்துகொண்ட முகத்தோடு நாலு பேரும் நின்றார்கள். குண்டு பக்கத்தில் வந்ததும் கட்டிலைத் தூக்கி எதிர்மூலைக்குக் கொண்டுபோனார்கள்.

"மாத்தாளு யாராவது வரட்டும், நாம போவோம்" என்றான் நாலாவது ஆள். மாற்றாளாக வந்த நாலு பேரும் அப்படித்தான் சொன்னார்கள், அவர்களுக்கு அடுத்து வந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால் கொல்லாந்தேரியில் அன்றிலிருந்து யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. சாப்பிடும்போது கால் ஆடியது, பேசும்போது தலை திரும்பித் திரும்பிப் பார்த்தது, முறை எப்போது, மாற்றாள் யார், வந்துட்டா, வந்துட்டா என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தது. கொடை தள்ளிப்போனது. பணியாரம் சுடச்சுட வந்தது, கறியும் வந்தது, மீனும் வந்தது. அவள் எழுந்தபோதெல்லாம் வயிறாரச் சாப்பிட்டாள், கை கழுவினாள், மறுபடியும் படுத்தாள்.

ஒரு நாள் பிரிட்டோ கட்டில் காலைத் தோளில் மாற்றிக்கொண்டே, "இப்படி எத்தனை நாளைக்கும்மா தூக்கறது?" என்று கேட்டார். அவருடைய சட்டையின் தோள்பட்டை கிழிந்திருந்தது.

"சோதனைதானே சார்" என்றாள் சுயம்புக்கனி தூக்கக் கலக்கத்தில். "பாப்போம், எம்புட்டுத் தாங்குதீங்கன்னு."

சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். நாலு பேரும் கட்டிலை மெதுவாக, அவள் விழித்துவிடாதபடி, மணலில் இறக்கினார்கள். அவள் வாய் லேசாகத் திறந்து குறட்டை வந்தது. மாற்றாட்களைக் காணவில்லை. தேரியின் மறுமூலையில் ரீங்காரம் திரும்பி வருவது கேட்டது, வைகுண்டம் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து கட்டில் காலைப் பிடித்தார்.